உப்பில் இட்ட மலர்

மகனே, போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு "அரிசி போடு" என்று இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பதிலில் தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில். நீ கல்யாணம் செய்து எர்ணாகுளம் கலூரில் மாடி வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் உன் வீட்டில் நான் ஒரு வாய் சோறு உண்டதில்லை, உன் படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அம்மா வந்து போகிறாள், வந்து உன் வீட்டு ஜன்னலைப் பற்றியும் பால்காரரைப் பற்றியும் சொல்லுகிறாள், நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன். உப்பு கட்டி தட்டாமல் இருக்க என்ன வழி என்று கேட்ட அதே மூச்சில், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவேண்டும் என்றும் கேட்டாய். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் இரண்டுக்கும் சொல்லிவிடுகிறேன். முதலில் உப்பு.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மலையாளத்தைத் தண்ணீர் குடிப்பதுபோல வாசிக்கிறவன் அப்பாவின் கடிதத்தை மட்டும் முள் எடுத்து மீன் தின்பதுபோல வாசிப்பாய். ஸ்மிதாவுக்கு அதுவும் வராது. நீ அவளுக்கு உரக்க வாசித்து, இடையிடையே மலையாளத்தில் மாற்றிச் சொல்லுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவளுடைய அம்மாவைப் பற்றி வரும் இடங்களைத் தாவாதே. சர்க்கரையும் தூவாதே.

தூள் உப்பை வாங்கி வந்ததும் முழுவதையும் டப்பாவில் கொட்டாதே. சில நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பாக்கெட்டோடு இறுக்கிக் கட்டி அரிசிப் பாத்திரத்துக்குள் புதைத்து வை. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பீங்கான் ஜாடி நல்லது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் உலை கொதிக்கிற ஆவியெல்லாம் அதற்குள் போய் உட்காரும். எட்ட வை. ஈரக் கரண்டி ஆகாது. அரிசி போடுவதானால் பச்சையாகப் போடாதே, வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, நன்றாக ஆறவிட்டு, மெல்லிய துணியில் முடிந்து உப்புக்கு அடியில் போடு. வறுக்காத அரிசி இந்த ஊர் மழையில் தானே ஊறிக் கொழகொழத்துவிடும். உங்களுக்குக் கல்யாணப் பரிசாக யாரோ கொடுத்த துளைபோட்ட கண்ணாடிக் குப்பிகள் மேசைமேல் ஜோடியாக நிற்கின்றனவாம், உன் அம்மா சொன்னாள். மிளகுக் குப்பி நிற்கட்டும். உப்புக் குப்பியை ஆவணி பிறக்கும்வரை அலமாரியில் வைத்துவிடு. ஊசியால் துளையைக் குத்திக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பது ஒரு குடும்பத்துக்கு நல்லதில்லை.

இவ்வளவையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு, நாம் கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் மழைக்காலத்துக்குப் போகவேண்டும். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. நான் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கல்லூரி வேலைக்கு அலைந்து, அந்த நாற்காலிகளில் எல்லாம் யார் யாருடைய மருமகன்களோ உட்கார்வதைப் பார்த்துவிட்டு, பஜார் ரோட்டில் ஒரு மிளகு, சுக்கு வியாபாரியின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போடியிலும் விருதுநகரிலும் இருக்கிற வியாபாரிகளுக்குத் தமிழில் கடிதம் எழுத அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. என் படிப்புக்குக் கிடைத்த இடம் அதுதான்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு மழை என்பது வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. இங்கே அது வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. தீக்குச்சி பற்றவில்லை. என் தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூத்தது. தலையணை கனத்தது, அப்பளம் துணிபோல மடங்கியது, புத்தகங்கள் உப்பிப்போய் மூடமாட்டேன் என்றன. கிடங்குகளிலிருந்து வரும் சுக்கு வாசனை நனைந்து தெருவின் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்பதுபோல இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கே சாயங்காலம் ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் நம் சமையலறையில் ஒரு கிண்ணம் நிறைய உப்பு மெல்ல மெல்ல நீராகிக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பக்கத்துத் தூத்துக்குடி உப்பு அது. வெயிலில் பிறந்தது. கடலிலிருந்து அவ்வளவு பாடுபட்டுப் பிரித்து எடுத்ததை இந்த ஊர்க் காற்று சத்தமில்லாமல் மறுபடி கடலாக்கிக்கொண்டிருந்ததை நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் அப்படித்தான் கரைந்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றும். உன் அம்மா தோசைமாவுக்கு உப்பை அள்ளப்போய்க் கையை உதறிக்கொண்டு நிற்பாள்.

எதிர்வீடு உன் மாமியார் தேவகி சேச்சியின் வீடு. ஸ்மிதா அப்போது இடுப்புக் குழந்தை. அவளுடைய அப்பா கோயில் முன்னால் கற்பூரம், சாம்பிராணி, அவல் எல்லாம் வைத்து பூஜைச் சாமான் கடை நடத்திக்கொண்டிருந்தார். சந்தின் குழாயடியில் உன் அம்மா உப்பைப் பற்றிப் பாதித் தமிழும் பாதிச் சைகையுமாகப் புலம்ப, தேவகி சேச்சி, "உப்பில் இத்திரி மலர் இட்டு வெச்சோ" என்று சொல்லியிருக்கிறார். உன் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"சேச்சி மலர் போடச் சொல்லுதாங்க. மலர்னா எதுங்க?"

படிக்காதவனாக இருந்தால் போய்த் திரும்பக் கேட்டிருப்பான். நான் படித்தவன். மலர் என்றால் மலர்தான், பூ என்றேன். உப்புக்குள்ளேயா பூ என்று அவள் சந்தேகப்பட்டாள். அது இந்த ஊர் வழக்கமாக இருக்கும், பூ ஈரத்தை இழுத்துக்கொள்ளும்போல என்று அதற்கும் ஒரு காரணத்தைச் செய்து கொடுத்தேன். உண்மையில் நான் பரவசப்பட்டுப் போயிருந்தேன். நாம் பூ என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு மலரைப் பாட்டுக்கும் செய்யுளுக்கும் அனுப்பிவிட்டோம். இங்கே மீன் கழுவிக்கொண்டிருக்கிற ஒரு பெண் குழாயடியில் நின்று மலர் என்கிறாள். நான் இழந்துவிட்டு வந்த தமிழ் இந்தச் சந்தில் ஈரம் சொட்டச் சொட்ட எனக்காகக் காத்திருந்ததுபோல இருந்தது. இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று முதன்முதலாக எனக்குத் தோன்றிய நாள் அது.

அன்று ஆபீஸ் விட்டு வரும்போது நானே முல்லைப்பூ வாங்கி வந்தேன். உன் அம்மா அதை உதிர்த்து, ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு பூ என்று ஜாடியில் போட்டாள். வெளியே மழை ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. விளக்கு மங்கலாக எரிந்தது. வெள்ளை மேல் வெள்ளையாக அந்தப் பூக்கள் உப்புக்குள் இறங்குவதை நாம் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வீடு முழுக்க வாசனை. மறுநாள் நீ ஒரு வாய் சாம்பார் சோற்றை வைத்துக்கொண்டு, "அம்மா, சாம்பார்ல கல்யாண வாசனை வருது" என்றாய். உனக்கு நினைவிருக்காது. உண்மையாகவே வந்தது. அதற்கும் அடுத்த நாள் பூக்கள் பழுப்பாகி, உப்பு அவற்றின் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, ஜாடியில் பழைய மாலையை ஊறவைத்த தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

தேவகி சேச்சி எதற்கோ வந்தவர் அதைப் பார்த்தார். முதலில் புரியாமல் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு முகர்ந்து பார்த்தார், பிறகு, "என்டெ பகவானே, உப்பினைப் பூ சூடிச்சோ?" என்று சிரித்துச் சிரித்துச் சமையலறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்க் கடையிலிருந்து ஒரு கை நெல்பொரி கொண்டுவந்து, இதுதான் மலர் என்று காட்டினார். நாம் பொரி என்று சொல்லுவதை அவர்கள் மலர் என்கிறார்கள். நெல் வெடித்து மலர்கிறது அல்லவா, சொல்லில் பிழையில்லை. அந்தப் பொரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அவர்கள் வீட்டு உப்பு எந்த மழைக்கும் மணல்போல உதிர்ந்தது.

சிரிப்பு அந்தப் படியோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அதற்குள் கதை சந்து முழுக்கப் போய்விட்டது. பாண்டிக்காரி உப்புக்குப் பூ வைத்த கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை இங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர் பாண்டி. ஒருநாள் காலை ஆபீஸ் ஆட்களோடு நான் கோயில் வழியே போகும்போது, ஸ்மிதாவின் அப்பா கடைக்குள் இருந்தபடி, "சாரே, இன்னு உப்பினு மாலை வேண்டே?" என்றார், இன்றைக்கு உப்புக்கு மாலை வேண்டாமா என்று. என்னோடு வந்தவர்களுக்கு விவரம் வேண்டியிருந்தது, நான் நிற்காமல் முன்னால் நடந்துவிட்டேன், அவர் தாராளமாகச் சொன்னார். அன்றிலிருந்து ஆபீசில் என் பெயர் மலர் சார். எனக்குப் பின்னால் வந்த, பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒருவன் மேனேஜர் ஆனபோதும் அவன் என்னை மலர் சார் என்றுதான் கூப்பிட்டான். ஒரு பகடிப் பெயரோடு இருக்கிறவனை யாரும் பெரிய நாற்காலியில் உட்காரவைக்க மாட்டார்கள் என்று நான் நம்பினேன். இன்றைக்கும் அதை முழுக்கப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தவன் மலருக்குப் பொருள் தெரியாமல் மனைவியை உப்பில் பூப்போட வைத்தான் என்பதுதான் அவர்களுடைய சிரிப்பு என்று எனக்குள் முடிவாகிவிட்டது. எதிர்வீட்டோடு பேச்சை நிறுத்தினேன். அவர்கள் முன்வாசலில் நின்றால் நான் கதவைச் சாத்துவேன். ஸ்மிதாவின் அப்பா இறந்த அன்று சந்து முனைவரைக்கும் குடையோடு போய் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். உன் அம்மா மட்டும் பின்வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தாள். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேன். நீயும் ஸ்மிதாவும் ஒரே படகில் எர்ணாகுளத்துக்குப் படிக்கப் போகிறீர்கள் என்பது தெரியும். படகில் இடமா இல்லை, தனித்தனியாகத்தான் உட்கார்வீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து விஷயத்தைச் சொன்னபோது, அந்த வீட்டு உப்பு எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். பதிவு அலுவலகத்துக்கு வரவில்லை. உன் கல்யாணத்தன்று நான் சுக்கு மூட்டை அனுப்புவதைப் பற்றி விருதுநகருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி போன வாரம். நீ உப்பைப் பற்றிக் கேட்கும்போது உனக்குப் பின்னால் ஸ்மிதாவின் குரல் கேட்டது. "அச்சனோடு சோதிக்கு, அச்சனறியாம்" என்றாள். அப்பாவைக் கேள், அப்பாவுக்குத் தெரியும் என்கிறாள், என்னை ஒருநாளும் தன் வாசலில் பார்த்திராத பெண். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் போனை வைத்தேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய்.

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா, அரிசி என்னத்துக்கு, மலர் போடச் சொல்ல வேண்டியதுதானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவளைப் பார்த்து, நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டுதானே என் பெயரைக் கெடுத்தாய், மலருக்கு நான் அர்த்தம் சொன்ன கதையை நீ சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் இதை அவளிடம் நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

அவள் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை நான் யாருட்டயும் சொல்லலையே" என்றாள். "எனக்குப் பாஷை புரியலை, நான்தான் போட்டுட்டேன்னு சொன்னேன். சேச்சி இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனைச்சிட்டு இருக்காங்க. நீங்க எம்.ஏ. படிச்சவுக. நாலு பேரு உங்களைச் சொல்லிச் சிரிக்கவா?"

அப்படியானால் மலர் சார் என்றது எதற்கு என்று கேட்டேன். "மலர்க்காரியோட புருஷன்னுதான். வேற என்ன?" என்றாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. தேவகி சேச்சி படியில் உட்கார்ந்து சிரித்தபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாளாம். அவள் சிரித்து முடித்துவிட்ட ஒன்றுக்கு நான் இத்தனை வருடம் கோபத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

அதோடும் விடவில்லை. எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, உள்ளே கைவிட்டு ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். பொரி. ஒவ்வொரு வருடமும் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால் தேவகி சேச்சி பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்புவாராம். கடை மூடிய பிறகும், புருஷன் போன பிறகும், நான் உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்த பிறகும் அது நிற்கவில்லையாம். நம் வீட்டு உப்பு மழையில் உதிர் உதிராக இருப்பது என் மனைவியின் சாமர்த்தியம் என்று நான் ஆபீசில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த முடிச்சைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பொரியின் வாசனை மிக லேசானது, முகத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும், வெயிலில் காய்ந்த வைக்கோலின் வாசனை. கரிசல் காட்டில் அறுவடை முடிந்த வயல் ஒன்று என் மேசைமேல் வந்து கிடப்பதுபோலவும், மழைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ வெயில் அடித்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். பழகிய கை பிடிமானத்தைத் தேடுவதுபோலத் தேடியது. ஒருவரும் அகப்படவில்லை.

உடனே நான் பஞ்சாக இளகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாண்டி என்ற சொல்லை நான் மன்னிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாலும் சரி, அன்பாகச் சொன்னாலும் சரி. உனக்குப் பிறக்கும் பிள்ளைகளை யாராவது அப்படிக் கூப்பிட்டால் நீ சிரித்துக்கொண்டு நிற்காதே. ஸ்மிதாவும் நிற்கக் கூடாது, இதை அவளுக்கு அழுத்தி வாசி. மேனேஜரையும் நான் மன்னிக்கவில்லை, அது வேறு கணக்கு.

உங்கள் வீட்டில் இரண்டு மொழி இருக்கிறது. ஒட்டிப் பிறந்தவை, அதனால்தான் அபாயம். அவள் இந்தி பேசுகிறவளாக இருந்தால் புரியாத இடத்தில் நீ நின்று கேட்பாய். இங்கே எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். அவள் ஒன்று சொல்லுவாள், அது உன் வீட்டுச் சொல்போலவே காதில் விழும், நீ உன் வீட்டுப் பொருளையே அதற்குள் போட்டுக்கொள்வாய். பிறகு சோறு வேறு வாசனை அடிக்கும்போது அவளைக் குறை சொல்லுவாய். புரியாத சொல்லை எவனும் கேட்டுவிடுவான். புரிந்துவிட்டது என்று உனக்கு மகிழ்ச்சி உண்டாக்குகிற சொல்லை இன்னொரு தடவை கேள். நான் திரும்பக் கேட்க ஐந்தாறு அடி நடந்து சந்தைத் தாண்டியிருந்தால் போதும். அதற்கு என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. நீயும் இப்போது ஆபீசில் நாலு பேர் மதிக்கிற ஆள். கவனமாக இரு.

அதனால் உப்புக்கு என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். அரிசி வேண்டாம், பொரி போடு. உன் மாமியாரிடம் கேட்டால் எந்தக் கடையில் நல்லது கிடைக்கும் என்று சொல்லுவார். ஸ்மிதாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அந்த வீட்டில் வளர்ந்த பெண் உப்புக்கு வழிதேடி என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள் என்பது இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சொன்னால் இன்றைக்கே புடவையை எடுத்து வைத்துவிடுவாள். தேவகி சேச்சியையும் கூப்பிடு. ஸ்மிதாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. இந்தக் கடிதத்தில் கேட்டதை அவள் தன் அம்மாவுக்குப் போய்ச் சொல்லிவிடக் கூடாது. மலர் என்றால் பூ என்று அர்த்தம் சொன்னது நான்தான் என்பதை நானே சொல்லவேண்டும். பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போட்டுக்கொள்கிற நான், என் மனைவி பக்கத்தில் இருக்க, மலையாளத்திலேயே சொல்லப் பார்க்கிறேன். தடுமாறினால் நீ எடுத்துக்கொடு. அவர் சிரிப்பார். இந்த முறையாவது சரியான ஆளைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

முதலில் சோறு போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் அதை என்னால் தாங்க முடியாது.

அப்பா